இடித்துரைப்போம், இழித்துரையோம்!

சென்ற தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. கடலோரத்தில் உள்ள நம் பங்கில் காலை ஆறு மணித் திருப்பலி. நம்பிக்கையாளர் மன்றாட்டுகளை வாசிக்க வந்த இளைஞர், திருச்சபைக்காகவும் நோயாளர்களுக்காகவும் குறிக்கப்பட்டிருந்தவற்றைத் தெளிவாக வாசித்தார். நாட்டை ஆளும் தலைவர்களுக்கான மன்றாட்டு வந்தபோது ஒரு கணம் நின்றார், தாளைப் புரட்டினார், அடுத்ததற்குத் தாவிவிட்டார்.

திருப்பலி முடிந்து உடைகளைக் களைந்துகொண்டிருந்த நம்மிடம் அவரே வந்தார். “மறந்துவிட்டாயா தம்பி?” என்றோம். “மறக்கல சாமி. வேணும்னுதான் விட்டேன். எல்லை தாண்டினதாச் சொல்லி எங்க படகைப் பிடிச்சு ரெண்டு வருசம் ஆச்சு. அப்பா சிறையிலிருந்து திரும்பி வந்துட்டார். படகு வரல. எத்தனை மனு குடுத்தோம், ஒரு பதில் உண்டா? அந்த ஆளுக்காக நான் எப்படிச் செபிக்க?” என்றார். சற்றுப் பொறுத்து, தலையைக் குனிந்தபடி இன்னொன்றும் சொன்னார்: “போன திருவிழாவுல அதே ஆளுக்கு நீங்கதான சாமி பொன்னாடை போட்டீங்க?”

நம்மிடம் பதில் இல்லை. ஏனெனில் அது உண்மை. பாதுகாவலர் திருவிழாவின்போது அந்தத் தலைவருக்கு நம் கையாலேயே பொன்னாடை போர்த்தினோம். ‘ஏழை மீனவரின் காவலர்’ என்று ஒலிபெருக்கியில் அவரை வாழ்த்தியும் பேசினோம். படகைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றிரவு அருள்பணியாளர்கள் கூடி உணவருந்தியபோதோ, அதே மனிதரை ஒரு பட்டப்பெயரால் அழைத்து வயிறு குலுங்கச் சிரித்தோம். மேடையில் பொய்ப்புகழ், பந்தியில் ஏளனம். இவ்விரண்டில் எது மரியாதை? இரண்டும் இல்லை. நம் இளைஞர் ஒரு மன்றாட்டைத்தான் விட்டுவிட்டார். நாம் விட்டது உண்மையை. இக்கட்டுரையின் கண்டனம் நம்மிடமிருந்தே தொடங்குவதுதான் முறை.

நாவில் பிறக்கும் வன்முறை

நமக்கு உடன்பாடில்லாத தலைவரைப் பற்றிப் பேசும்போது நம் நா எப்படிப் புரள்கிறது! ‘அவர்’ என்பது ‘அவன்’ ஆகிறது. பெயர் போய்ப் பட்டம் வருகிறது. காலையில் திருவிருந்தில் பங்குகொண்டவர், பத்து மணிக்குக் கைப்பேசியில் ஒரு முதலமைச்சரையோ பிரதமரையோ விலங்காக வரைந்த படத்தை ஐம்பது பேருக்கு அனுப்புகிறார். அன்பியக் குழுவில் மறுநாளுக்குரிய இறைவார்த்தையின் கீழே அந்தப் படமும் வந்து நிற்கிறது. ஒருவருக்கும் உறுத்துவதில்லை.

இந்த ஏச்சுகளைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். தலைவர் செய்த தவற்றைச் சுட்டுபவை அவற்றுள் மிகச் சில. அவர் பிறந்த சாதி, தோலின் நிறம், உடலின் பருமன், தாய் செய்த தொழில் ஆகியவைதாம் பெரும்பாலும் ஏச்சுக்குப் பொருளாகின்றன. தலைவர் பெண்ணாக இருந்துவிட்டால் ஏச்சு அவருடைய ஒழுக்கத்தின்மீது பாய்கிறது. அந்தச் சொல் போய்த் தைப்பது யாரை? உயர்ந்த மதில்களுக்குள் வாழும் தலைவரின் காதில் அது விழப்போவதில்லை. அதே சாதியில் பிறந்து நம் கோவிலின் கடைசி வரிசையில் நிற்கும் தாயின் காதில் அது விழுகிறது. அதே நிறத்தில் பிறந்து மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமியின் நெஞ்சில் தைக்கிறது. ஆள்வோரைத் தாக்கியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்; அடிபடுபவரோ எளியவர். ஏச்சு ஒருநாளும் அரியணை வரை ஏறுவதில்லை. வழியிலேயே ஏழையின் தலைமீது விழுந்துவிடுகிறது.

இதைத் துணிவு என்கிறோம். இறைவாக்கினரின் பணி என்றும் சொல்லிக்கொள்கிறோம். இறைவாக்கினர் ஆமோசு சமாரியாவின் செல்வரைச் சாடினார். எரேமியா அரசரின் அரண்மனை வாயிலிலேயே நின்று பேசினார். அவர்கள் பேசியது யாரைப் பற்றியோ அவர்களுடைய முகத்துக்கு நேரே பேசினார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். நாமோ முதுகுக்குப் பின்னால் ஏசிவிட்டு, முகத்துக்கு முன்னால் மாலை பிடிக்கிறோம்.

பவுலை எப்படிப் படிப்பது?

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுவர்: ‘அதிகாரம் எல்லாம் கடவுளிடமிருந்து வருவதாகப் பவுல் எழுதியிருக்கிறாரே, ஆகவே ஆள்வோரைக் குறைகூறாமல் அடங்கிப் போவதே கிறிஸ்தவம்.’ உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தை இப்படிப் படிப்பவர்கள், அதே பவுலின் வாழ்க்கையைப் படிப்பதில்லை.

அத்திருமுகம் ஏறக்குறைய கி.பி. 57இல், நீரோ ஆட்சி செய்த நாள்களில் எழுதப்பட்டது. எழுதியவர் எப்படி நடந்துகொண்டார்? எருசலேமில் தலைமைச் சங்கத்தின் முன் நின்றபோது, தம்மை வாயில் அடிக்கச் சொன்னவரை நோக்கிச் சினந்து கடுஞ்சொல் சொன்னார். அவர் தலைமைக் குரு என்று அறிந்ததும், மக்களின் தலைவரைப் பழிக்கலாகாது எனும் திருச்சட்டத்தைத் தாமே நினைவுகூர்ந்து நாவை அடக்கினார். தம்மைச் சட்டத்துக்கு மாறாக அடிக்கச் சொன்னார் என்ற குற்றச்சாட்டை அவர் திரும்பப் பெற்றாரா? இல்லை. உரிமையை விட்டுக்கொடுத்தாரா? அதுவும் இல்லை. பின்னர் ஆளுநர் பெஸ்துவின் முன் சீசரிடமே மேல்முறையீடு செய்தார். பழிச்சொல்லை விடுத்தார், வழக்கை விடவில்லை. இதுவே பவுல் காட்டும் மரியாதை.

தாவீதையும் எண்ணிப் பாருங்கள். தம்மைக் கொல்லத் தேடிய சவுல் குகைக்குள் தனித்து அகப்பட்டபோது, அவர் மேலங்கியின் நுனியை அறுத்ததற்கே தாவீதின் நெஞ்சு உறுத்தியது. ஆனால் அவர் அஞ்சி ஒளிந்துகொள்ளவில்லை. வெளியே வந்து, எல்லாரும் கேட்க உரக்கக் கூவி, அரசரைத் தம் தலைவர் என்றே அழைத்து, அவர் செய்த அநீதியை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தார். சவுல் வாய்விட்டு அழுதார். ஏச்சினால் அந்தக் கண்ணீர் வந்திருக்குமா?

‘இயேசுவே ஏரோதை நரி என்று சொல்லவில்லையா?’ என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி. ஏரோது தம்மைக் கொல்லத் தேடுவதாகச் செய்தி வந்த வேளையில், அவனுடைய சூழ்ச்சியைச் சுட்ட ஆண்டவர் பயன்படுத்திய ஒற்றைச் சொல் அது. அதைப் போய் அவனிடமே சொல்லுங்கள் என்றுதான் அனுப்பினார். பின்னர் அதே ஏரோதின் முன் கைதியாக நின்றபோது, ஏளனம் செய்யப்பட்டும் பதிலுக்கு ஏளனம் செய்யவில்லை. பிலாத்துவிடமோ, அவருக்குரிய அதிகாரம் மேலிருந்து அருளப்பட்டது என்பதையும் சொன்னார். அங்கே நடப்பது பாவம் என்பதையும் சொன்னார். பதவியை ஏற்பதும் பாவத்தைச் சுட்டுவதும் ஒரே மூச்சில் நிகழ்கின்றன. நாம் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

மறைசாட்சிகள் கற்பித்த மரியாதை

தொடக்கத் திருச்சபைக்கு இதில் குழப்பம் இருந்ததில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியில், நீரோவின் கொடுமையை இன்னும் மறவாத உரோமைத் திருச்சபையிலிருந்து புனித கிளமெந்து கொரிந்தியருக்குக் கடிதம் எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் ஆள்வோருக்கான நீண்ட மன்றாட்டு ஒன்று உள்ளது: அவர்களுக்கு உடல்நலமும் நிலையான அமைதியும் வேண்டுகிறது; கடவுளுக்கு உகந்தவாறு ஆளும் நெறியையும் வேண்டுகிறது.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னா நகரின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பு விளையாட்டரங்கில் நிறுத்தப்பட்டார். சீசரைத் தெய்வமாக ஏற்று ஆணையிட மறுத்தார். கூட்டத்தை இணங்க வைக்குமாறு ஆளுநர் சொன்னபோது, தம் நம்பிக்கையைப் பற்றி விளக்கம் கூற ஆளுநரையே தகுதியுடையவராகக் கருதுவதாகவும், ஆட்சியாளருக்கு உரிய மதிப்பைத் தரத் தமக்குக் கற்பிக்கப்பட்டிருப்பதாகவும் கூறினார். பின்னர் தீயில் இடப்பட்டார். கி.பி. 180இல் கார்த்தேஜ் நகரில் தலைவெட்டுண்ட சில்லி ஊர் மறைசாட்சிகளுள் தொனாத்தா என்ற பெண்மணியும், சீசருக்குச் சீசர் என்ற அளவில் மதிப்பு உண்டு, அச்சமோ கடவுளுக்கு மட்டுமே உரியது என்னும் கருத்துப்படச் சாட்சி சொன்னார்.

உயிரைத் தர ஆயத்தமாக இருந்தவர்களுக்கு ஏச வேண்டிய தேவை எழவில்லை. நமக்கோ உயிரைத் தரும் எண்ணமும் இல்லை. ஒருநாள் கூலியை இழந்து ஆட்சியர் அலுவலகத்தின் முன் அமரும் எண்ணமும் இல்லை. அந்தக் குறையை ஏச்சினால் நிரப்பிக்கொள்கிறோம்.

பொன்னாடையின் பாவம்

குருமடத்தில் நாம் பயின்ற இறையியலில் ஒரு பகுதியை இத்தனை ஆண்டுகள் கழித்து அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்தோம். ஆட்களைப் பார்த்து ஓரவஞ்சனை செய்யும் பாவத்தைப் பற்றிப் பேசும் புனித தாமஸ் அக்குவினாஸ், ஆள்வோர் தீயோராயினும் மதிப்புக்கு உரியோரே என்கிறார். காரணம் அவர்களுடைய நற்குணம் அன்று. அவர்கள் கடவுளின் இடத்தில் நிற்கிறார்கள், தாம் தலைமை தாங்கும் சமூகத்தின் சார்பிலும் நிற்கிறார்கள் என்பதே காரணம். ஆகவே தலைவருக்கு நாம் தரும் மதிப்பு அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்குத் தரும் மதிப்பும் ஆகும். நமக்குப் பிடிக்காத ஒருவருக்கு வாக்களித்த அயலாரும் அம்மக்களுள் அடங்குவர்.

ஆனால் அப்பகுதி அத்துடன் முடியவில்லை. செல்வத்தை மட்டும் பார்த்து ஒருவருக்கு மதிப்புத் தருவது பாவம் என்றும் அவர் தொடர்கிறார். புனித யாக்கோபின் திருமுகமும் பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையைக் கடிந்துரைக்கிறது. நம் திருவிழாக்களை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போமா? கட்சிக்காரர் வருகிறார் என்றதும் தேர் நிற்கிறது, செபமாலை நிற்கிறது, முன்வரிசைப் பாட்டிகள் எழுப்பப்படுகிறார்கள். பலிபீடத்துக்கு எதிரே அவருக்குச் சால்வை! இதற்குப் பெயர் மரியாதை அன்று. மதிலுக்கு நிதி, பள்ளிக்கு அனுமதி, சாலைக்குத் தார் என்று எதையோ எதிர்பார்த்து விரிக்கும் வலை. ஏசுபவர் தலைவரை மனிதருக்குக் கீழே தள்ளுகிறார். புகழ்பவர் மனிதருக்கு மேலே ஏற்றுகிறார். கடவுளின் முன் கணக்குக் கொடுக்க வேண்டிய ஒரு மனிதராக அவரை நடத்த இருவருக்குமே மனமில்லை.

2024 டிசம்பர் 23 அன்று புதுதில்லியில் ஆயர் பேரவையின் மையத்தில் நடந்த கிறிஸ்து பிறப்பு விழாவில் பிரதமர் கலந்துகொண்டார். அதையொட்டி நம்மிடையே விவாதம் எழுந்தது. விவாதம் நல்லதே. ஆயினும் ‘அழைத்தது சரியா தவறா’ என்பதிலேயே நம் மூச்சு முழுவதும் செலவாகிவிடக் கூடாது. தலைவரை அழைப்பது விருந்தோம்பல். அழைத்த இடத்தில் அடிபட்டோரின் துயரைச் சொல்வது கடமை. டில்லிக்குச் சொல்லும் இந்தப் பாடத்தை முதலில் நம் பங்கின் திருவிழா மேடைக்குச் சொல்லிக்கொள்வோம்.

‘ஸ்டேன் சுவாமியை மறந்தீரோ?’

நம் நெஞ்சை அறுக்கும் கேள்வி இது. திருச்சி மாவட்டத்தின் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டின் பழங்குடியினரிடையே வாழ்ந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோய் வேறு. வழக்கு விசாரணை தொடங்கும் முன்னரே, 2021 ஜூலை 5 அன்று, காவலில் இருந்த நிலையிலேயே மும்பையில் உயிர் துறந்தார். ‘இப்படிப்பட்ட ஆட்சிக்கா மரியாதை?’ என்று கேட்பவரின் கண்ணீர் நியாயமானது. அதை மலிவான ஒரு மறையுரையால் துடைத்துவிட முடியாது.

ஆனால் அவர் செய்தது என்ன என்று பார்ப்போம். நிலமும் காடும் இழந்தோரின் வழக்கை அரசியல் சட்டத்தைக் கையில் ஏந்தி நடத்தினார். விசாரணையின்றிச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்களுக்காக நீதிமன்றத்தை நாடினார். 2021 மே மாதம் உயர்நீதிமன்றத்தின் முன் காணொளி வழியாகப் பேசியபோது, தம் உடல் எவ்வாறு நலிந்துவிட்டது என்பதை நடந்தபடி எடுத்துச் சொல்லி, தம் மக்களிடம் திரும்பிச் செல்ல விடுமாறு கேட்டார். அவர் நம்பியது ஆவணத்தையும் சட்டத்தையும் உண்மையையும். அவர் பெயரைச் சொல்லி நாம் வசைமாரி பொழிந்தால், அவர் வாழ்ந்த முறையை விட்டுவிட்டு அவர் படத்தை மட்டும் மாட்டிக்கொண்டவர்கள் ஆவோம்.

திருச்சபையின் போதனையும் இங்கே தெளிவானது. அறநெறிக்கு மாறான சட்டம் மனச்சான்றைக் கட்டுப்படுத்தாது என்று 1963இல் ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை 23ஆம் யோவான் எழுதினார். அதே மடலில், தவற்றையும் தவறு செய்பவரையும் வேறுபடுத்திப் பார்க்கவும் சொன்னார். தவறு செய்பவரும் மனித மாண்பை இழப்பதில்லை என்பதைச் சங்க ஏடும் வலியுறுத்தியது. நியாயமான குறைகளை எடுத்துரைப்பது குடிமக்களின் உரிமை, சில வேளைகளில் கடமை என்று 1992இன் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. எதிர்க்காதே என்று எவரும் சொல்லவில்லை. எதிர்ப்பு அன்பின் வடிவில் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

நம் மண்ணின் சான்றுகள்

இது இயலாத காரியமா? 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் காந்தியடிகள் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் நிறுத்தப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, உச்சத் தண்டனையையே கேட்டார். ஆட்சியைத் தீமை என்றே சாடினார். தனிப்பட்ட எந்த அதிகாரியின்மீதும் தமக்குப் பகைமை இல்லை என்றார். நீதிபதி புரூம்ஃபீல்டு அவருக்குத் தலைவணங்கினார். ஆறாண்டுச் சிறையும் விதித்தார். நீதிபதி காட்டிய பண்புக்குக் காந்தியடிகள் நன்றி சொன்னார். ஆங்கில ஆட்சி அதனால் பலம் பெற்றதா, இழந்ததா? வரலாறு அறியும்.

தமிழ்நாட்டில் பெரியாரும் இராஜாஜியும் எதிரெதிர் துருவங்கள். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சாடிப் பெரியார் போராடினார். அவருடைய சொற்கள் மென்மையானவை என்று எவரும் கூறமாட்டார். ஆனால் 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் இடுகாட்டுக்கு வந்து தேம்பி அழுதவரும் அவரே. கடவுளை மறுத்தவர் தம் எதிரியின் சிதையருகே அழுதார்; கடவுளை நம்பும் நாம் எதிரியின் சாவுச் செய்தியைக் கேட்டு இனிப்பு வழங்குவோமானால், நம் நம்பிக்கைக்கு என்ன பொருள்?

ஆள்வோர்க்குக் கசப்பானதை எடுத்துச் சொல்வோர் துணையாக வேண்டும் என்பது வள்ளுவர் வற்புறுத்திய நெறி. அதற்கு இடித்துரைத்தல் என்று பெயர். இடித்துரைப்பதற்கும் இழித்துரைப்பதற்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் முன்னது நண்பரின் செயல், பின்னது அடிமையின் செயல். அடிமைதான் எசமானர் முன்னே கும்பிட்டுப் பின்னே பழிப்பான்.

இனிச் செய்வது என்ன?

முதலாவது, தலைவர்களைப் பெயர் சொல்லி அழைப்போம். பட்டம் சூட்ட மாட்டோம். மேடையில் சொல்லக் கூசும் சொல்லைக் கைப்பேசியில் அனுப்ப மாட்டோம். இரண்டாவது, பலிபீடத்தின் அருகே எந்தக் கட்சிக்கும் பொன்னாடை வேண்டா. அருள்பணியாளர் கட்சி அரசியலில் தீவிரப் பங்கு கொள்ளலாகாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் விதித்திருப்பது, நம் நா எந்தக் கட்சிக்கும் விலைபோகாமல் இருப்பதற்கே. மூன்றாவது, குறைகளை எழுதுவோம். நாள், இடம், இழப்பு, கேட்கும் நீதி ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவோம். ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி, விட்டுக்கொடுக்காமல் முடிப்போம். நான்காவது, அவர்களுக்காகச் செபிப்போம். நேர்மையாக ஒருவருக்காகச் செபிப்பவர் அவர்முன் பொய் சொல்ல மாட்டார். அவரைப் பற்றிப் பின்னால் இழிவாகவும் பேச மாட்டார்.

நம் இளைஞரிடம் நாம் முதலில் கேட்டது மன்னிப்பு. பிறகு இருவருமாக அமர்ந்து ஒரு மனு எழுதினோம். அவர் எழுதிய முதல் படியில் பாதிக்குமேல் ஏச்சு. அவற்றை அடித்துவிட்டுப் பார்த்தபோது, பிடிபட்ட நாளும் படகின் எண்ணும் தீராத கடனும் எஞ்சி நின்றன. “இப்பதான் சாமி இது கனமா இருக்கு” என்றார் அவர். அந்த மனுவை இந்த ஆண்டுத் திருவிழா மேடையில், அதே தலைவரை நாற்காலியில் அமரச் செய்து, அவர் கேட்க உரக்க வாசித்தோம். பொன்னாடை போர்த்தவில்லை. அவர் முகம் சுருங்கியது. மனுவைக் கையில் வாங்கிக்கொண்டார். படகு இன்னும் வரவில்லை. மனுவின் இரண்டாம் படி ஆட்சியரிடம் சென்றிருக்கிறது. மூன்றாம் படியை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய வெள்ளியன்று திருச்சபை பத்துப் பெருமன்றாட்டுகளை எழுப்புகிறது. அவற்றுள் ஒன்பதாவது, நாட்டை ஆள்வோருக்காக. தம் ஆண்டவருக்குச் சாவுத் தீர்ப்பிட்ட ஆளுநரின் பெயரை நம்பிக்கை அறிக்கையில் சுமந்துகொண்டிருக்கும் திருச்சபை, அதே நாளில் ஆளுநர்களுக்காக முழந்தாளிடுகிறது. அந்த மன்றாட்டை யார் வாசிப்பது என்று அவ்வாண்டு கேட்டபோது, நம் இளைஞரே கை உயர்த்தினார். நிறுத்தி, தெளிவாக, கடைசிச் சொல் வரை வாசித்தார். இம்முறை தாளைப் புரட்டவில்லை.